மத்தியானச் சங்கு

போன ரமலானில் என் அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவை நோன்பு திறந்தாள். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் மக்ரிபுக்கு ஒரு தடவை. இதைக் கேட்டால் எங்கள் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். விடிந்ததிலிருந்து படுக்கிற வரை அவளோடு மல்லுக்கட்டியது நான்தான், அவர்கள் இல்லை.

திருவொற்றியூரில் சைரன் என்று யாரும் சொல்ல மாட்டோம். சங்குதான். ஷிப்டு மாறும்போது ஆலையில் ஊதுவதும் சங்கு, நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் ஊதுவதும் சங்கு, ஆள் போய்விட்டால் தெருவில் ஊதுவதும் சங்கு. ஆலைகள் பலவும் ஊதுவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒன்று மட்டும் மத்தியான ஷிப்டுக்கு இன்னும் விடாமல் ஊதிக்கொண்டிருக்கிறது. கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல், மணலிப் பக்கமிருந்து வரும் கேஸ் நாற்றம், ஜன்னல் கட்டையில் படியும் கரித்தூள், இதையெல்லாம் போல அதையும் நாங்கள் கவனிப்பதில்லை. அம்மா கவனித்தாள்.

அம்மாவுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், அப்புறம் தெருவை மறந்தாள், அப்புறம் என்னை. சில நாள் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொள்வாள். சில நாள் வேலைக்கு வந்த பெண் என்று நினைத்துக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், வேலைக்காரி என்று நினைக்கிற நாட்களில்தான் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவாள். அவளைப் பார்த்துக்கொள்வதற்காக, துறைமுகத்துச் சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் பார்த்த வேலையை விட்டேன். புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்தவள்தானே, வேறு என்ன வேலை அவளுக்கு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணன் குடும்பத்தோடு மணலி புதுநகரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், பழம் வாங்கி வருவான், மார்க்க விஷயம் நாலு சொல்வான், போவான்.

மறதியோடு சர்க்கரையும் சேர்ந்திருந்தது. பட்டினி மட்டும் கூடவே கூடாது, வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரமலான் வருகிறதே என்று பயந்தேன். எல்லாவற்றையும் மறந்தவள் இதையும் மறந்துவிட மாட்டாளா என்று ஆசைப்பட்டேன். எங்கே மறப்பது? பிறை தெரிந்துவிட்டதென்று ஒலிபெருக்கியில் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படியில் போன கேஸ் சிலிண்டர்காரரைக் கூப்பிட்டு, "ரமலான் முபாரக்" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல், "சரிங்கம்மா" என்றார். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எனக்கு முன்னால் எழுந்து, முகம் கழுவி, முக்காடு போட்டுக்கொண்டு, நோன்பு வைக்கிறேன் என்று உறுதி சொல்லும் நிய்யத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னாள். பெற்ற மகளின் பெயர் அந்த வாய்க்குத் தெரியாது.

அன்று மத்தியானம் தட்டில் சோறு போட்டுக்கொண்டு போனேன்.

"நோம்பும் அதுவுமா சோத்தத் தூக்கினு வர. வெக்கமாயில்ல?"

"உனக்கு உடம்பு சரியில்லம்மா. நோயாளிக்கு நோன்பு இல்ல."

"யாருக்கு நோவு? எனக்கா? எனக்கு இன்னா நோவு?"

தனக்கு நோய் இருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை. நோயாளிக்கு அல்லா கொடுத்த சலுகையை வாங்கிக்கொள்ள, தான் நோயாளி என்பதாவது தெரிய வேண்டும்.

இரண்டாம் நாள் பிற்பகல், அசர் தொழுகைக்கு முன்னால், அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. பட்டினியில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. சர்க்கரையை விரலில் தொட்டு உதட்டருகே கொண்டுபோனேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். அந்த நிலைமையிலும் நோன்பு அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் அழுதுகொண்டே அவளைத் திட்டினேன். "செத்துப் போகப் போறியா" என்று கத்தினேன். எதிர்வீட்டில் இருக்கும் மீன்காரப் பெண் ஓடிவந்து அவள் தாடையைப் பிடித்துக்கொள்ள, ஈறில் சர்க்கரையைத் தேய்த்தேன். கண் தெளிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எம் நோம்பு போச்சா?"

"போகலம்மா" என்றேன்.

மூன்றாம் நாள், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஆலைச் சங்கு ஊதியது. அம்மா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"சங்கு ஊதிட்டாங்க. இன்னா மசமசன்னு நின்னுகினு கீற? பழத்த எடு, கஞ்சி ஊத்து."

நான் வாயைத் திறந்தேன். ஆலைச் சங்கும்மா என்று சொல்ல வந்தேன். அப்புறம் முந்தின நாள் அந்த உதடு வெளுத்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பேரீச்சம்பழத்தில் பாதியைக் கிள்ளி அவள் கையில் வைத்தேன். துஆ ஓதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்கென்று அடுப்பில் வைத்திருந்த கஞ்சி பாதி வெந்திருந்தது. அதையே ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். மாத்திரையும் போட்டுக்கொண்டாள். அப்படியே சாய்ந்து தூங்கினாள். சாயங்காலம் பள்ளிவாசல் சங்கு ஊதியபோது மறுபடி எழுந்து, மறுபடி துஆ ஓதி, மறுபடி திறந்தாள். மத்தியானம் திறந்தது அவளுக்கு நினைவே இல்லை.

அன்றிலிருந்து என் சமையல் தலைகீழானது. நோன்பு வைத்துக்கொண்டு, காலையிலேயே அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் போட்டுக் கஞ்சி காய்ச்சிவிடுவேன். கொத்தமல்லியும் தேங்காய்ப்பாலும் சேரும்போது வாசனை மாடிப்படி வரை போகும். என் வயிறு கூப்பாடு போடும். அதைச் சட்டை செய்ய நேரமில்லை. ஒரு வடை, நாலு துண்டு கடல்பாசி, அதுவும் சர்க்கரை குறைத்து. எல்லாம் சங்குக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டும். நோன்பு திறக்கிற வேளையில் தட்டு தாமதமானால் அம்மாவுக்குப் பிடிக்காது. இது நோய் வருவதற்கு முன்பிருந்தே உள்ள கோபம்.

ஒரு சிக்கல் வந்தது. அம்மா தனியாகத் திறக்க மாட்டாள். "நீ எடு மொதல்ல" என்று என் கையில் பழத்தைத் திணிப்பாள். நான் நிஜமாகவே நோன்பு. "அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றால், "திறக்கறத தள்ளிப்போடக் கூடாதுடி" என்பாள். சரியாகத்தான் சொல்வாள். அம்மாவோடு சேர்ந்து திறக்க ஓர் ஆள் வேண்டுமென்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவள் விடியலில் காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று, மத்தியானம் வீடு திரும்புகிறவள். புருஷன் கடலுக்குப் போகிறவர்.

"இன்னா யக்கா, பாயம்மாக்கு மத்தியானமே சங்கு ஊதிட்டியா?" என்று சிரித்தவள், சொன்னது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளிலிருந்து அவள் வந்தாள். புடவைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் காலை மடக்கி உட்காருவாள். அம்மா கையேந்தினால் அவளும் ஏந்துவாள். அம்மா பழத்தைக் கடித்தால் அவளும் கடிப்பாள். அம்மா அவளை யாரென்று நினைத்தாளோ, "இன்னாடி, நோம்பு வெச்சுகினு மீன் கழுவினியா, நாத்தம் கொடலப் புடுங்குது" என்பாள்.

"வூட்ல ஆளுங்களுக்கு ஆக்கணுமே பாயம்மா" என்பாள் அவள், அலுங்காமல்.

ஒருநாள் படியில் வைத்துக் கேட்டேன், உனக்கு இது ஒரு மாதிரியாக இல்லையா என்று. "இன்னா ஒரு மாரி? ஆத்தாளுக்கு நாங்க கூழ் ஊத்தல? அத்த மாரி நெனச்சிகினு குடிக்கிறேன். பாயம்மா துன்னா போதும்" என்றாள். அவளுக்கு நான் பட்ட கடன் எதிலும் தீராது.

அந்த நாட்களில் அம்மா நன்றாக இருந்தாள். கன்னத்தில் தெளிவு வந்தது. ஒருநாள் சாயங்காலம் இரண்டாம் தடவையாகக் கஞ்சி குடித்துவிட்டு, "இந்த வருசம் நோம்பு தெரியவே இல்லடி. அல்லா லேசாக்கிட்டான்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அல்லாவின் பெயரில் நான் செய்கிற வேலைக்கு அவனுக்கு நன்றி போகிறது.

ஞாயிறுகளில் சாயங்காலம்தான் அண்ணன் வருவான் என்பதால் அவனுக்கு எதுவும் தெரியாது. பகலில் அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்பான், சாப்பிடுகிறாள் என்பேன். எப்படி என்று அவன் கேட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தான் போல. இந்தப் பக்கத்துப் பள்ளிவாசலிலேயே ஜும்மா தொழுதுவிட்டு, சமோசாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். திரை இழுத்த அறையில் அம்மா கையேந்தி துஆ ஓதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீன்காரப் பெண் முக்காட்டோடு கையேந்திக்கொண்டிருந்தாள்.

என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான். "ரமலானைக் கேலிக்கூத்து ஆக்கிட்டியே. அவங்களுக்குத்தான் நோன்பே கடமை இல்லையே. இல்லாத நோன்புக்கு எதுக்குப் பொய்யா ஒரு திறப்பு?"

"கடமை இல்லன்னு நீ சொல்லிப் பாரு. பல்லக் கடிச்சிக்கினு கெடந்தப்ப நீ எங்க இருந்த? மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது. அல்லாவே ஊட்டினதா கணக்கு. நீதான சொல்லிக் குடுத்த?"

"மறந்து சாப்பிடுறது வேற. மறந்தவங்கள ஏமாத்தி ஊட்டுறது வேற."

அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவனுக்குச் சரியானதைச் சொல்வது சுலபம் என்று கத்தினேன். அவன் அறைக்குப் போய், ஜன்னல் திரையை விலக்கினான். வெயில் அம்மாவின் மடியில் விழுந்தது. அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, பிரியமாகத்தான் சொன்னான்.

"அம்மா, இது ஆலைச் சங்கு. இன்னும் மக்ரிப் ஆகல. உங்களுக்கு உடம்பு சரியில்லாததால நோன்பு வேணாம்மா. தாராளமா சாப்பிடுங்க. ஆனா இது நோன்பு இல்ல."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். வாயிலிருந்த கஞ்சியை உள்ளங்கையில் துப்பினாள். அதை எங்கே போடுவதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். நான் போய் என் கையை நீட்டினேன். அவள் மீன்காரப் பெண்ணின் பக்கம் திரும்பி, "நீயும் தெரிஞ்சுதான் துன்னியா?" என்று கேட்டாள். அந்தப் பெண் முக்காட்டை எடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீ யார் வூட்டுப் பொண்ணும்மா? உனக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?"

வேலைக்காரி என்று நினைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையிலிருந்த எச்சில் கஞ்சியோடு கழுவுமிடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உள்ளே அம்மா, தெரிந்து முறித்தால் ஒரு நோன்புக்கு அறுபது நோன்பு வைக்க வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இது அப்படி இல்லை, இதற்கு ஒன்றுகூட வேண்டாம் என்று அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவாள் என்றுதான் இருவரும் நினைத்தோம். மறந்தாள். அண்ணன் வந்ததை மறந்தாள், அழுததை மறந்தாள். ஆனால் என்னவோ ஒன்று மட்டும் உள்ளே தங்கிவிட்டது. சாயங்காலம் பள்ளிவாசல் சங்கு ஊதியது. பழத்தைக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டாள், வாயில் வைக்கவில்லை.

"இது ஆலைச் சங்கு" என்றாள்.

"இல்லம்மா, பள்ளிவாசல். பாங்கு கேளு."

"அசர் பாங்கு. எனக்குத் தெரியாதா?"

அண்ணன் தன் கையிலிருந்த பழத்தைச் சாப்பிட்டுக் காட்டினான். தண்ணீர் குடித்துக் காட்டினான். நோன்பை முறித்துவிட்டானே என்று அவனைப் பாவமாகப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் அசந்து தூங்கும்போது சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டேன். பாதி தலையணையில் வழிந்தது. மறுநாள் மத்தியானம் ஆலைச் சங்கு ஊதியபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

அண்ணன் தன் வீட்டுக்குப் போகவில்லை. அன்று சாயங்காலம், மக்ரிபுக்கும் அவள் வாய் திறக்காமல் போனதும், அவளைக் கைத்தாங்கலாக மொட்டை மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனான். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பின்னால் போனேன். கிழக்கே கடல் இருட்டிக் கிடந்தது.

"பாருங்கம்மா, நல்லா பாருங்க. இருட்டிடுச்சு. நோன்பு திறக்கலாம்."

அம்மா கிழக்கைப் பார்க்கவில்லை. சூரியன் இறங்கும் பக்கம் எது என்று அவளுக்குத் தெரியும். மேற்கே, மணலிப் பக்கம் திரும்பினாள். அங்கே ஆலைக் குழாயின் உச்சியில் கேஸ் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வானம் முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது.

"அதோ கீது பாரு சூரியன். இன்னும் எறங்கல."

"அது சூரியன் இல்லம்மா. கேஸ் எரியுது."

அம்மா சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. "சங்குன்னா ஆலைன்ற. சூரியன்னா கேஸுன்ற. இன்னும் இன்னாடா சொல்லப் போற எனக்கு?"

அண்ணன் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐம்பது வயதைத் தாண்டியவன் தேம்பித் தேம்பி அழுவதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. பொய்யை நான் சொன்னேன், உண்மையை அவன் சொன்னான், இரண்டுமே அவள் வயிற்றுக்கு உதவவில்லை.

படி இறங்கும்போதே அம்மாவுக்குக் கால் துவண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கை நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி, கடைசியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரில் கிருமி என்றார்கள், உப்பு இறங்கிவிட்டது என்றார்கள். இந்த நோய் இப்படித்தான் படிப்படியாக இறங்கும், ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பழைய இடத்துக்கு ஏறாது என்றார் டாக்டர்.

வீட்டுக்குக் கூட்டி வந்தபோது ரமலான் இன்னும் முடிந்திருக்கவில்லை. மறுநாள் சஹருக்கு அவள் எழுந்திருக்கவில்லை. காலையில் பயந்து பயந்து ஒரு இட்லியைப் பிட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினோரு மணிவாக்கில் மோர், அப்புறம் பழம். எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டாள். சர்க்கரை அளவு சரியாக இருந்தது. டாக்டர் ஆசைப்பட்டது இதைத்தான். ரமலான் வருகிறதே என்று பயந்த நாளில் நான் ஆசைப்பட்டதும் இதைத்தான்.

மீன்காரப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப துன்றாங்களா யக்கா?" என்று கேட்டாள். துன்றாங்க என்றேன். சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "அன்னிக்கி என்னத் திட்டினாங்களே, அதுவே தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்தே இருந்தது. அண்ணன் தொழுதுவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். நோன்பில் அவன் உதடு வறண்டிருந்தது. ஒவ்வொரு கரண்டியும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திடீரென்று குனிந்து, அவள் காதருகில் சொன்னான்.

"அம்மா. ரமலான் மாசம்மா. இன்னிக்கு நோன்பு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவன் என்ன செய்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அவனைத் தடுக்கவில்லை. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நானும் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். திட்டு, என்று மனசுக்குள் கெஞ்சினேன். வெக்கமாயில்லையா என்று ஒரு தடவை கேள்.

வழியில் எதிர்ப்பட்ட ஆளைப் பார்ப்பதுபோல அம்மா அவனைப் பார்த்தாள். "அப்பிடியா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

அண்ணன் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஊட்டினேன். கிண்ணம் காலியாகும் வரை அம்மா சாப்பிட்டாள்.